அமெரிக்காவில் வீட்டிலேயே தயாராகும் ரைஃபிள் தோட்டாக்கள்: 'டை' அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்து ஏன்?

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. வீட்டிலேயே புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்ய அங்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால்தான் உரிமம் வேண்டும்.

இதில் பலர் சறுக்குவது வெடிமருந்தில் மட்டுமல்ல, 'சைஸிங் டை' என்ற சின்னக் கருவியிலும்தான்.

சைஸிங் டை என்றால் என்ன?

சுடும்போது உண்டாகும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு லேசாகச் சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுதான் சைஸிங் டை. பிரஸ் இயந்திரத்தில் இதை மரையாகத் திருகிப் பொருத்துவார்கள். டை எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கூட்டின் 'தோள்' பகுதி, அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடம், அவ்வளவு பின்னுக்குத் தள்ளப்படும்.

எவ்வளவு தள்ள வேண்டும்?

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் பொதுவாக 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் போதும். ஒரு ஏ4 தாளின் தடிமனில் ஏறத்தாழ பாதிதான் இது! தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிளுக்கு இன்னும் சற்று அதிகம் தேவை.

டையில் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள். ஒரு முழுச் சுற்றுக்கு டை சுமார் 1.8 மில்லிமீட்டர் இறங்கும். கணக்குப்படி 0.05 மில்லிமீட்டருக்கு வெறும் 10 டிகிரி திருப்பினால் போதும். கடிகாரத்தின் நிமிட முள் 2 நிமிடத்தில் நகரும் தூரத்தைவிடக் குறைவு.

அதிகமாகத் தள்ளினால் என்ன ஆகும்?

தோட்டா சேம்பருக்குள் சுலபமாக நுழைந்துவிடும். அதனால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் தோளுக்கு முன்னால் காலி இடம் இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அந்த இடத்தை நிரப்ப நீளும். இதனால் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் அங்கேயே உடையும். உயர் அழுத்த வாயு பின்பக்கமாகக் கசிந்து சுடுபவரின் முகத்தைத் தாக்கக்கூடும்.

குறைவாகத் தள்ளினால்? போல்ட் மூட கஷ்டமாக இருக்கும், அல்லது மூடவே மூடாது.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

* அதே ரைஃபிளில் சுட்ட காலிக் கூட்டை எடுத்து, பழைய பிரைமரை நீக்கி, தோள் வரையிலான நீளத்தை கேஜ் வைத்து அளக்கிறார்கள்.
* கூட்டின் வெளிப்புறம் மசகு தடவுகிறார்கள். இல்லாவிட்டால் டைக்குள் மாட்டிக்கொள்ளும்.
* டையைச் சற்று உயர்த்தி வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக இறக்கி, மீண்டும் அளக்கிறார்கள்.
* தேவையான அளவு வந்ததும் காலிக் கூட்டை ரைஃபிளில் போட்டு, போல்ட் எளிதாக மூடுகிறதா என்று பார்த்து, லாக் ரிங்கை இறுக்குகிறார்கள்.

ஒரு ரைஃபிளுக்கு வைத்த அளவு, அதே ரகத்தின் இன்னொரு ரைஃபிளுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சேம்பர்களுக்கு இடையே சிறு வித்தியாசம் இருக்கும்.

எச்சரிக்கை அறிகுறி எது?

கூட்டின் அடிப்பாகத்துக்கு மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் கவனம் தேவை. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால், அந்தக் கூட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.