அவிலா தெரசாவின் தோட்டத்துக்கு நான்கு தண்ணீர்



"சாமி, முன்பெல்லாம் செபமாலையைக் கையில் எடுத்தாலே கண் கலங்கும். இப்போது வாய் சொல்கிறது, மனசு காய்ந்து கிடக்கிறது. நான் சொல்வது செபம்தானா?" நம் பங்குகளில் வயதில் பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. இளையவர்கள் கேட்பதில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றால் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இதே கேள்வியோடு பதினெட்டு ஆண்டுகள் போராடிய ஒரு பெண்ணின் வரலாற்றை இன்று சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டில் அவிலா என்ற ஊரில் 1515இல் பிறந்தவர் தெரசா. இருபது வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். செபத்துக்கென்று உட்காருவார், எப்போது மணி அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்றே காது கடிகாரத்தைத் தேடும். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் தனிச்செபத்தை அடியோடு விட்டும் விட்டார். அதே காலத்தில்தான், 1542இல், புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊராக நடந்து மறைக்கல்வி கற்பித்தார். கடற்கரை மணலில் ஒரு புனிதர் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாளில் புனிதராகப் போகிற இன்னொருவர் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தார். எனக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு.

1562இல் தெரசா அவிலாவிலேயே புனித சூசையப்பர் பெயரில் ஒரு சின்ன மடம் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் ஆன்மகுருக்களின் சொற்படி தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதில் பதினோராம் அதிகாரத்தில் ஒரு தோட்டத்தைக் காட்டுகிறார். இந்த உவமையை எங்கோ படித்தேனோ கேட்டேனோ, நினைவில்லை என்று வெள்ளந்தியாக ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். நிலம் விளைச்சல் இல்லாத நிலம். களை மண்டிக் கிடக்கிறது. களையைப் பிடுங்குகிறவரும் நல்ல செடிகளை நடுகிறவரும் ஆண்டவர். செடி வாடாமல் தண்ணீர் விடுவது நம் வேலை. அந்தத் தண்ணீர் நான்கு வழியாக வரலாம் என்கிறார்.

முதல் வழி, கிணற்றில் இறைப்பது. கை காய்த்துப்போகும், தோள் வலிக்கும், இறைத்தது கால் பாத்திக்குக்கூடப் போதாது. செபத்தில் தொடக்க நிலை இதுதான். சில நாள் வாளியை விட்டால் தண்ணீரே இருக்காது. அப்போது என்ன செய்வது? அப்போதும் கிணற்றடிக்குப் போய் நில் என்கிறார் தெரசா. கிணறு வற்றிய நாளில் தண்ணீர் இல்லாமலே செடியைக் காக்க ஆண்டவருக்குத் தெரியும். உருக்கத்தையும் கண்ணீரையும்தான் அவர் தண்ணீர் என்று சொல்கிறார். அன்பு என்பது கண்ணீரில் இல்லை என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். செபக்கூட்டத்தில் அழுதால்தான் ஆவியானவர் வந்தார் என்று எண்ணுகிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு முறையாவது படிப்பது நல்லது.

இரண்டாவது, நீர்ச்சக்கரம். வாளிகள் கட்டிய சக்கரத்தைச் சுற்றினால் குறைந்த பாட்டுக்கு நிறையத் தண்ணீர். நம் பக்கத்துக்கு அதைச் சொல்வதானால் கமலை என்று சொல்லலாம். பாதிச் சுமை மாட்டின் தோளுக்குப் போய்விடும். கமலை ஓட்டியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு மோட்டார் சுவிட்ச் மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது, ஆற்று நீரோ ஓடை நீரோ பாய்வது. மடை திறந்தால் போதும், தோட்டக்காரர் வரப்பைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்த நிலையில் ஆண்டவரே ஏறக்குறையத் தோட்டக்காரர் ஆகிவிடுகிறார் என்கிறார் தெரசா. உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்தார் அல்லவா? ஆறாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்: மரியா நினைத்தது தவறே அல்ல, அவருடைய உள்ளத்தில் விதைத்தவர் அவர்தானே என்று.

நான்காவது, மழை. தோட்டக்காரர் கை வைக்கவே இல்லை. பல நேரம் அவர் எதிர்பார்க்காதபோது வருகிறது.

இங்கே குன்றக்குடிக்காரர்கள் தெரசாவிடம் ஒரு கேள்வி கேட்கலாம். நமக்கு வற்றாத ஆறு ஏது? வானம் பார்த்த செம்மண் பூமி. கண்மாய் மடையில் பாய்வது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைதான். தெரசா இங்கே பிறந்திருந்தால் மூன்றாவது தண்ணீரையும் நான்காவதையும் இப்படிப் பிரித்திருப்பாரா என்பது சந்தேகமே. அவர் எழுதாத ஒன்றும் நம் கிழவர்களுக்குத் தெரியும். மழையை யாரும் சம்பாதிக்க முடியாது. ஆனால் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், கரை உடைந்து கிடந்தால், பெய்த மழை ஊரைத் தாண்டிப் போய்விடும். கோடையில் வெட்டியவனுக்குத்தான் கார்த்திகையில் கண்மாய் பெருகும். நம் ஊர் குன்றக்குடி அடிகளாரும் இந்த வழியில் போனவர்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து அறிஞர்களைக் கூட்டிவந்து, வறண்ட இந்தக் கிராமத்துக்குத் திட்டம் போட்டு உழைத்தார். வேறு சமயத்துத் துறவி என்பதற்காக இதை நாம் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

தெரசாவின் நூல் எளிதில் வெளிவரவில்லை. சமய விசாரணை மன்றம் கையெழுத்துப் படியை வாங்கி வைத்துக்கொண்டது. 1582இல் அவர் இறக்கும்வரை அச்சாகவில்லை. 1588இல்தான் சலமான்காவில் வெளிவந்தது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியில் நம் பெண்களுக்கென்று ஒரு கார்மேல் மடம் தோன்றிவிட்டது.

மடங்களைத் தொடங்கிய கதையைத் தெரசா இன்னொரு நூலில் எழுதினார். சூசையப்பர் மடத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இல்லை. வேலையாட்களை அழைத்தபோது, பணத்தை வீணாக்குகிறீர்கள் என்று சிரித்தார்கள். வெட்டிப் பார்த்தார்கள்; மடத்துக்குப் போதுமான நீர் வந்தது. இதைப் புதுமை என்று சொல்ல வரவில்லை என்று தெரசாவே குறித்துவிட்டார்.

அதே இடத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. ஒரு நாள் சாப்பாட்டு அறையில் வெள்ளரிக்காய் பரிமாறினார்கள். தெரசாவுக்கு வந்தது மெலிந்து, உள்ளே அழுகிப்போன காய். நல்ல அறிவுள்ள ஓர் அருள்சகோதரியைக் கூப்பிட்டு, கீழ்ப்படிதலைச் சோதிப்பதற்காக, இதைக் கொண்டுபோய் மடத்துச் சின்னத் தோட்டத்தில் நடு என்றார். இது எப்படி முளைக்கும் என்று அந்தச் சகோதரி கேட்கவில்லை. நிமிர்த்தி நடவா, படுக்கவைத்து நடவா என்று மட்டும் கேட்டார். படுக்கவைத்து நடு என்றார் தெரசா. அவர் போய் நட்டுவிட்டு வந்தார்.