மகிழ் முதல் மட்டை வரை

கம்பம் பள்ளத்தாக்கில் 'தண்ணி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பெரியாறு அணை 1895இல் எழுந்த பின் இவ்வயல்களுக்கு வந்து சேரும் ஆற்றுநீர். மற்றது, அந்தி சாய்ந்ததும் ஆடவர் தேடிப் போவது. உயிர் வளர்க்கும் நீரின் பெயரை நாம் ஏன் மதுவுக்கு இட்டோம்?

பழந்தமிழருக்கு இந்த மறைப்பு தேவைப்படவில்லை. கள், நறவு, பிழி, மட்டு, தோப்பி, தேறல் எனப் பெயர்கள் பலவாக இருந்தன. குடித்த நிலையைச் சொல்ல 'மகிழ்', 'களி' ஆகியவை போதுமாயிருந்தன. இரண்டும் இன்பத்தின் பெயர்களே. அரசன் பாணரோடு கள்ளுண்டு வீற்றிருந்த அவையைப் புறநானூறு 'நாள்மகிழ் இருக்கை' என்கிறது. மூங்கிலில் முற்றிய தேறலைக் குறவர் தம் சுற்றத்தோடு உண்டு குரவையாடியதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. அங்கே குடி என்பது கூட்டத்தின் செயல்.

வள்ளுவர் அச்சொல்லையே எதிராளியாக்கினார். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தான்' என்பவன் மகிழ்ந்தவன் அல்லன், அறிவிழந்தவன். முருகனுக்கு ஆடும் வெறியாட்டில் இருந்த 'வெறி'யும் நாளடைவில் குடிமயக்கத்தைக் குறித்தது; ஈழத்தமிழில் அது இன்றும் அன்றாட வழக்கு.

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து 1974இல் மீண்டது. பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 1987இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. குமுளி தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. இப்பக்கமோ 'கள்' ஏட்டுச்சொல்லாகி வருகிறது. எஞ்சியவை சரக்கு, குவாட்டர், கட்டிங். இவை பண்டத்தின் பெயர்களும் அளவின் பெயர்களும். குடித்தவன் 'மப்பில்' இருக்கிறான். மிஞ்சினால் 'மட்டை' ஆகிறான். சுற்றமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. விழுந்து கிடக்கும் உடல் மட்டுமே.

இச்சொற்கள் சிரிக்க வைக்கின்றன, மறைக்கவும் செய்கின்றன. 'அவர் தண்ணியில இருக்காரு' என்று தாழ்ந்த குரலில் சொல்லும் மனைவிக்கு, தன் வீட்டுத் துயரைச் சொல்ல வேறு சொல்லை நாம் தரவில்லை. 'குடிநோய்' இன்னும் மருத்துவர் வாயிலேயே நிற்கிறது. தேறல் என்றால் தெளிந்த கள். தேறுதல் என்றால் நலம் பெறுதல். இரண்டுக்கும் வேர் ஒன்றே. முன்னதை மறந்துவிட்ட நாம் பின்னதையேனும் தெருவுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.