ஜெரார் ஊரி: ஒரு தேசத்தைச் சிரிக்க வைத்த அகதி



பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுப் பாண்டிச்சேரிக்காரர்களிடம் லூயி தெ ஃபுனெஸ் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். குள்ள உருவம், வழுக்கைத் தலை, நொடிக்கொரு முகபாவம். பூர்வில் என்றால் அந்த அப்பாவி முகம் கண்முன் வரும். ஆனால் இந்த இருவரையும் ஜோடி சேர்த்துப் பிரான்சையே குலுங்கிச் சிரிக்க வைத்த டைரக்டர் யார் என்று கேட்டால் பலரும் சற்று யோசிப்பார்கள். அவர் பெயர் ஜெரார் ஊரி.

அவருடைய 'லா கிராந்த் வத்ரூய்' 1966 டிசம்பரில் வெளிவந்தது. 'வத்ரூய்' என்றால் ஊர் சுற்றுவது. 'பெரிய ஊர்சுற்றல்' என்று பெயரைத் தமிழாக்கலாம். பிரான்சின் தியேட்டர்களில் இந்தப் படத்துக்கு 1.7 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அன்றைய பிரான்சின் மக்கள்தொகை சுமார் 5 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று பேருக்கு ஒரு டிக்கெட். 1998ல் 'டைட்டானிக்' வந்து முறியடிக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சாதனை நின்றது. இன்னொரு பிரெஞ்சுப் படம் அதைத் தாண்ட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் படத்தின் கதை, ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கதை. அந்த நாட்டின் மிக இருண்ட நான்கு ஆண்டுகள் அவை. அதை எடுத்துச் சிரிக்க வைத்தவர், அந்த ஆண்டுகளில் உயிர் பிழைக்க ஓடிய ஒரு யூதர். இது தெரிந்த பிறகு அவர் படங்களை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஊரி 1919 ஏப்ரலில் பாரிசில் பிறந்தார். தகப்பனார் பெயர் தானென்பவும், வயலின் வாசிப்பவர். தாயார் பத்திரிகையாளர். ஊரி என்பது தாய்வழிப் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. நடிப்புப் பயிற்சி பெற்று, மொலியேரின் வீடு என்று நம் ஆசிரியர்கள் பக்தியோடு சொல்வார்களே, அந்தக் கொமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவில் 1939ல் இடம் பிடித்தார். இருபது வயதுப் பையனுக்கு அது சாதாரண விஷயமில்லை.

மறு வருடம் ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. 1940 அக்டோபரில் விஷி அரசு யூதர்களுக்கெதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு உத்தியோகம், ஆசிரியர் வேலை, பத்திரிகை, சினிமா என்று ஒவ்வொரு கதவாக மூடியது. அதே இலையுதிர் காலத்தில், ஜெர்மானியர் உத்தரவுப்படி பாரிசில் யூதர்கள் போலீஸ் அலுவலகத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெயர்களை எல்லாம் அட்டைகளில் எழுதி வரிசையாக அடுக்கி வைத்தார்கள். 1942 ஜூலையில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டே நாளில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடித்தபோது, அவர்கள் கையில் இருந்த முகவரிகள் அந்த அட்டைகளிலிருந்து வந்தவைதான்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்க எழுத்தர். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளோடு வாழ்ந்தவன். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது, அகர வரிசையில் அடுக்குவது, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது, இவையெல்லாம் எங்கள் தொழிலில் நல்ல குணங்கள். அந்த அட்டைகளை எழுதியவர்களும் என்னைப்போல் குமாஸ்தாக்கள்தானே, அழகான கையெழுத்தில்தானே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

ஊரி பாரிசை விட்டுத் தெற்கே ஓடினார். மார்செய், பிறகு மொனாக்கோ. அங்கே 1942 ஜனவரியில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அங்கும் ஆபத்து நெருங்கவே சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, ஜெனீவாவில் போர் முடியும்வரை நாடகம் நடித்துக் காலம் தள்ளினார்.

திரும்பி வந்தபின் பல வருடம் இரண்டாம் வரிசை நடிகர்தான். ஆங்கிலப் படம் ஒன்றில் நெப்போலியனாகக்கூட வந்தார். 1958ல் வந்த 'இருமுகக் கண்ணாடி' என்ற படத்துக்குக் கதை வசனத்தில் பங்கெடுத்து, ஒரு வேடமும் போட்டார். கதாநாயகி மிஷேல் மொர்கான். அவர்தான் பிறகு வாழ்நாள் முழுவதும் ஊரியின் துணைவி. கதாநாயகன் நம் பூர்வில். பிறகு ஊரி டைரக்டர் ஆனார். முதலில் எடுத்தவை பெரும்பாலும் கனமான படங்கள், குற்றக் கதைகள். பெரிதாக ஒன்றும் ஓடவில்லை.

1962ல் அப்படி ஒரு குற்றப் படத்தில் சிறு வேடத்தில் நடிக்க வந்தார் தெ ஃபுனெஸ். அப்போது அவரும் பெரிய நட்சத்திரமில்லை. அவர்தான் ஊரியிடம் சொன்னாராம்: நீங்கள் நகைச்சுவைக்காரர், அதை நீங்களே ஒப்புக்கொள்ளும்வரை உங்களுக்கு வெற்றி கிடையாது என்று. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்தது. காதில் போட்டுக்கொண்டாரே, அதுதான் பெரிது.

1965ல் வந்தது 'ல கொர்னியோ'. கொர்னியோ என்றால் கலப்பு ஜாதி நாய், பேச்சு வழக்கில் ஏமாளி. இத்தாலிக்கு உல்லாசப் பயணம் கிளம்பிய பூர்விலின் சின்னக் காரைத் தெ ஃபுனெஸின் பெரிய கார் இடிக்கும். சின்னக் கார் அப்படியே அக்கக்காகக் கழன்று விழும், ஸ்டியரிங் மட்டும் பூர்வில் கையில் மிஞ்சும். இந்த ஒரு காட்சிக்காக நிஜக் காரை முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் சேர்த்து வைத்திருந்தார்கள். சிரிப்பு என்பது எவ்வளவு கணக்கான வேலை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1.1 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்ற படம்.

அடுத்ததுதான் 'வத்ரூய்'. பாரிசுக்கு மேலே ஓர் ஆங்கிலேய விமானம் சுடப்படுகிறது. பாராசூட்டில் குதித்த மூவரில் ஒருவர் மிருகக்காட்சி சாலையில் விழுகிறார், ஒருவர் பெயின்டர் பூர்விலின் சாரத்தில், இன்னொருவர் ஒபேரா மாளிகையின் கூரையில். அந்த ஒபேராவில் இசைக்குழுவை நடத்துபவர் தெ ஃபுனெஸ். இருவருக்கும் வீரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வந்து மாட்டிக்கொண்டவர்கள். விமானிகளைக் கூட்டிக்கொண்டு, ஜெர்மானியர் இல்லாத தெற்குப் பகுதிக்கு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போவதுதான் கதை. இசைக்குழு நடத்தும் காட்சிக்காகத் தெ ஃபுனெஸ் பல வாரங்கள் கண்ணாடி முன் பயிற்சி செய்தார். பூர்வில் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் அந்தக் காட்சி, படப்பிடிப்பின்போது அவரே சேர்த்துவிட்டது. திரைக்கதையில் ஊரியுடன் பங்கெடுத்தவர்களில் ஒருவர் அவர் மகள் தனியேல் தாம்சன், மொனாக்கோவில் பிறந்தாரே, அந்தக் குழந்தை.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 1972 வாக்கில். வேலைக்குச் சேர்ந்த புதிது. நண்பர் வீட்டு முற்றத்தில் திரை கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜக்டரில் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா பெரியவர் இருந்தார். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்குபவர்களை நாங்கள் சொல்தா என்போம். 1940ல் நம் கவர்னர் பொன்வேன், விஷி அரசை விட்டு ஜெனரல் தெ கோல் பக்கம் நின்றார். அதன் பிறகு இங்கிருந்து தெ கோல் படைக்குப் போனவர்களில் இவரும் ஒருவர்.

ஜெர்மானியத் தளபதியும் தெ ஃபுனெஸும் ஒரே அறையில் படுத்துக் குறட்டையில் அவதிப்படும் காட்சியில் முற்றமே அதிர்ந்தது. பெரியவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது நான் இளவயது அதிகப்பிரசங்கித்தனத்தில், "சண்டையப் போய் இப்படி விளையாட்டா எடுத்திருக்காங்களே ஐயா, உங்களுக்குக் கோவம் வரலியா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அந்த நேரத்துல யார் தம்பி வீரன்? எல்லாருக்கும் வயித்துல புளியக் கரைச்சிச்சு. அதத்தான் இவன் எடுத்திருக்கான்."

அப்போது எங்கள் இருவருக்குமே ஊரி யார் என்று தெரியாது. தெரிந்த பிறகுதான் கவனித்தேன், பாரிசிலிருந்து தெற்கே ஓடி எல்லையைத் தாண்டுவது அவரே ஓடிய ஓட்டம். பூர்விலும் தெ ஃபுனெஸும் திரையில் விழித்த விழி, அவர் கண்டு அனுபவித்த விழி.

இந்தப் படத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படத்தில் வரும் பிரெஞ்சுக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் நல்லவர்கள். கன்னியாஸ்திரீ, ஓட்டல்காரர் என்று ஆளாளுக்கு உதவுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. முக்கிய பாத்திரங்களில் யூதர் ஒருவரும் இல்லை. அட்டை எழுதிய குமாஸ்தாவும் இல்லை. மறக்க நினைத்த ஒரு தேசத்துக்கு இதமான கதையைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னால் என்னால் முழுதும் மறுக்க முடியாது. ஆனால் ஊரி அங்கேயே நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

1970ல் பூர்வில் காலமானார், வயது 53 தான். அவரை நினைத்து எழுதிய வேடத்தை இவ் மொந்தானுக்கு மாற்றி, 1971ல் 'லா ஃபொலி தே கிராந்தர்' எடுத்தார் ஊரி. பள்ளியில் நாம் உருப்போட்ட விக்தோர் ஹ்யூகோவின் 'ரூய் பிளா' நாடகத்தைத்தான் கேலிக்கூத்தாக்கியிருந்தார்.

அடுத்து 1973ல் 'ராபி ஜாக்கோப்'. இதில் தெ ஃபுனெஸ் ஒரு முதலாளி. யூதர், அராபியர், கறுப்பர், தன்னைப்போல் இல்லாத எவரையும் பிடிக்காது. பல வருடம் தன் காரை ஓட்டும் சலமோன் யூதர் என்பது அன்றுதான் தெரிந்து அதிர்ந்துபோகிறார். விதி வசத்தால் அவரே யூத மதகுரு வேடம் போட்டு, ஓர் அராபியத் தலைவரோடு ஓட வேண்டி வருகிறது. அந்த அராபியர் பெயர் ஸ்லிமான். சலமோன், ஸ்லிமான் இரண்டும் ஒரே பெயர்தான், மொழிதான் வேறு. கடைசியில் அந்த இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர் எல்லாரும் நல்லவர் என்று ஏழு வருடம் முன்பு காட்டியவர், இப்போது வெறுப்பு பிடித்த பிரெஞ்சுக்காரரையே கதாநாயகனாக்கி நடுவில் நிறுத்தினார்.

படம் 1973 அக்டோபர் 18 அன்று வெளிவந்தது. 12 நாள் முன்புதான் இஸ்ரேலுக்கும் அராபிய நாடுகளுக்கும் போர் மூண்டிருந்தது. வெளியீட்டன்றே, படத்தின் விளம்பரப் பொறுப்பாளருடைய மனைவி, படத்தைத் தடை செய்யக் கோரி ஒரு விமானத்தைக் கடத்தினார். மார்செய் விமான நிலையத்தில் போலீஸார் சுட்டதில் உயிரிழந்தார். ஒரு சிரிப்புப் படத்துக்கு இப்படி ஒரு முதல் நாள். ஆனாலும் 73 லட்சம் பேர் பார்த்தார்கள்.

தெ ஃபுனெஸுக்கு 1975ல் மாரடைப்பு வந்ததால் அடுத்து எடுக்கவிருந்த படம் நின்றது. 1982ல் பெல்மோந்தோவை வைத்து 'லாஸ் தே ஸாஸ்' எடுத்தார். 1936 ஒலிம்பிக்குக்காகப் பெர்லின் போகும் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ரயிலில் ஒரு யூதச் சிறுவனைச் சந்திக்கிறார். அந்தப் பையனையும் அவன் குடும்பத்தையும் நாஜிகளிடமிருந்து தப்பவைப்பதுதான் மீதிக் கதை. 54 லட்சம் டிக்கெட். இதனால் நல்ல கலைப்படம் ஒன்று நசுங்கிவிட்டது என்று விமர்சகர்கள் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டு எழுதினார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கலாம். என் கண்ணுக்குப் பட்டது வேறு. 1966ல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த யூதர், 1973ல் மாறுவேடமாக வந்தார். 1982ல் பயந்த சிறுவனாக நேரே வந்து நின்றுவிட்டார். தன் கதைக்கு ஊரி வந்து சேர அத்தனை காலம் பிடித்தது, அதுவும் சிரித்துக்கொண்டேதான் வர முடிந்தது.

எண்பது வயதுவரை படம் எடுத்தார். 2006 ஜூலையில், 87 வயதில் காலமானார். எந்த நாடு அவரைப் போன்றவர்களின் பெயரை அட்டையில் எழுதித் தேடியதோ, அதே நாடு அவருக்கு நுண்கலை அகாதெமியில் இருக்கை கொடுத்து மரியாதை செய்திருந்தது.

எங்கள் தெருப் பெரியவர் போய் நாற்பது வருடமாகிறது. ஊரியின் கதையை அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்களில் யாருக்காவது வத்ரூய் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி பாருங்கள். சிரியுங்கள், நன்றாகவே சிரியுங்கள். நடுவில் ஒரு கணம், இதை எடுத்தவர் எங்கிருந்து ஓடிவந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.