அபின் முதல் மோர்பின் வரை: நோவு தணித்த மருந்தின் கதை

தமிழில் நாம் வழங்கும் 'அபின்' என்ற சொல் அரபியின் 'அஃப்யூன்' வழியாக வந்தது. அரபியருக்கு அது கிரேக்கத்தின் 'ஓப்பியன்' என்ற சொல்லிலிருந்து கிடைத்தது. பொப்பிக் காயைக் கீறினால் வடியும் பாலைத்தான் கிரேக்கர் அப்படி அழைத்தார்கள். சொல் நடந்த பாதையிலேயே மருத்துவ அறிவும் நடந்தது.

அந்தப் பாதையில் நாம் நின்று பார்க்க வேண்டியவர் இப்னு ஸீனா (980–1037). அவருடைய 'அல்கானூன் பித்திப்' 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பாடநூலாக இருந்தது. இதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நோவைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று அவ்வளவாகத் தேடிப் பார்ப்பதில்லை. குத்துவது, துளைப்பது, அழுத்துவது, கிழிப்பது, பாரமாயிருப்பது என நோவை அவர் 15 வகையாகப் பிரித்தார். மெதுவான நடை, இனிய இசை, மனதை வேறொன்றில் ஈடுபடுத்துவது என்பவற்றையும் நோவு தணிக்கும் வழிகளில் சேர்த்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்துகளில் அபினே வலியது என்றார். அதன் ஆபத்தையும் மறைக்கவில்லை.

அபினின் பிரச்சினை அளவுதான். ஒரு கட்டியில் எவ்வளவு சத்து உண்டு, இன்னொன்றில் எவ்வளவு என்பதை அறிய வழியிருக்கவில்லை. ஒருவரின் நோவைத் தீர்த்த அளவு இன்னொருவரின் மூச்சையே நிறுத்திவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரீட்ரிக் செர்டர்னர் என்ற ஜேர்மனிய இளைஞர். மருந்துக்கடை உதவியாளராக இருந்த அவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியஸின் பெயரை அதற்கு வைத்தார். 1817இல் விரிவான கட்டுரை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. 1850களில் ஊசியும் வந்தது.

கூடவே அடிமைத்தனமும் வந்தது. மோர்பினிலிருந்து செய்யப்பட்ட ஹெரோயினை 1898இல் பேயர் கம்பெனி இருமல் மருந்தாகவே விற்றது. பிறகு சட்டங்கள் இறுகின. நமது நாட்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் போதைப்பொருள் பற்றிய 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, நோவைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதையும் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. இந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம்.

1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், நோவு வந்து கத்தும் வரை காத்திராமல் நேரம் பார்த்து மோர்பினைக் கொடுக்கச் சொன்னார். 1986இல் உலக சுகாதார ஸ்தாபனம் புற்றுநோய் நோவுக்கு மூன்று படிகளை வகுத்தது. முதலில் பரசிற்றமோல் போன்றவை, பிறகு கோடீன், அதற்கும் அடங்காவிட்டால் மோர்பின்.

நம்மூர்களிலோ, "மோர்பின் குடுத்தா முடிஞ்சுது" என்ற பேச்சுத்தான் இன்னும் இருக்கிறது. மருந்து ஹராமோ என்ற பயம் ஒருபக்கம். ஸக்ராத் நேரத்தில் கலிமா சொல்ல நினைவு இல்லாமற் போய்விடுமோ என்ற கவலை மறுபக்கம். இரண்டாவது கவலையை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோவு தாங்க முடியாமல் துடிப்பவருக்கும் நினைவு ஒருநிலைப்படுமா? வைத்தியர் அளந்து கொடுக்கும் மோர்பின் மௌத்தை முந்தி அழைத்து வருவதில்லை. ஆரம்பத்தில் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கலுக்கும் மருந்து உண்டு. தெளிவோடு இருக்க விரும்புகிறார் என்று வைத்தியரிடம் வாய்திறந்து சொன்னால், அதற்கேற்ப அளவைச் சரிசெய்யப் பார்ப்பார்.

மருந்து தேடும்படி பணித்தவர்கள் நபிகளார் (ஸல்). நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்பது பிக்ஹின் விதி. சபூர் என்பது நோயாளியின் சிறப்பு. அதைக் காரணம் காட்டி மருந்தை மறுக்கும் உரிமை பக்கத்தில் நிற்பவர்களுக்கு இல்லை. இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் சமூகம், நம் வாப்பாவோ உம்மாவோ நோவில் கிடக்கும்போது அவர் தொட்டுக்காட்டிய மருந்துக்கு அஞ்சி ஒதுங்குவது நியாயமாகாது.