வானம் பார்த்த முற்றம்

"அப்பப்பா, என்ன புழுக்கம்! ஏர்கோனைப் போடு!" என்கிறோம். அந்தக் கருவியை வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது 1902இல்தான். பிரான்சிஸ் லைட் 1786இல் நிறுவிய ஜார்ஜ்டவுனில், அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக மக்கள் எப்படிக் குடியிருந்தார்கள்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

விடை தேடி வெகுதூரம் போகவேண்டாம். சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டுக்குள் என்னோடு வாருங்கள். வாசலில் அஞ்சடி. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், வீடுகளின் முன்னே கூரையிட்ட நடைவழி இருக்கவேண்டும் என்று விதித்தார். அவ்வழக்கம் பின்னர் பினாங்கிலும் வேரூன்றியது. மழைக்கு ஒதுங்க மட்டுமா அஞ்சடி? முன்சுவரில் வெயில் விழாமல் காப்பதும் அதுவே.

உள்ளே குறுகி நீண்ட வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். இது தென்சீனத்திலிருந்து வந்த அமைப்பு. ஆனாலும், செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்களுக்குப் புதிதல்ல. சூடான காற்று இலேசானது. முற்றத்தின் வழியே மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்ப, அஞ்சடியின் நிழற்காற்று உள்ளே வரும். மாடிச் சன்னலின் சாய்வான மரப்பட்டிகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். ஈரம் ஆவியாகையில் சுவரும் குளிரும்.

பிறகு நாம் என்ன செய்தோம்? "மழைத்தண்ணி உள்ள வருது" என்று முற்றத்தைத் தகரத்தால் மூடினோம். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினோம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தகரம் ஏறிய அன்று பாட்டி, "வீட்டோட மூக்கைப் பொத்திட்டீங்களேப்பா!" என்றார். அன்று சிரித்தோம். இன்று மின்கட்டணச் சீட்டைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

லெய்த் தெருவிலுள்ள சியோங் பாட் சீ மாளிகையோ, ஐந்து திறந்த முற்றங்களோடு பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டு, 2000இல் யுனெஸ்கோ விருது பெற்றது. 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மாளிகை நமக்கில்லை, பாடம் நமக்குண்டு. முற்றத்துக்குத் தகரம் வேண்டுமா? ஓரடி உயர்த்திப் போட்டு, சுற்றிலும் காற்றுக்கு வழி விடுங்கள். தாமான் வீடானால், மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள்; அந்தி சாய்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்த முறை அஞ்சடியில் நடக்கும்போது சற்று நின்று பாருங்கள். முன்னோர் எழுதிவைத்த அறிவியல் பாடம் அங்கே இருக்கிறது.