புதுக்கோட்டையில எம்.ஏ. ஆங்கிலம் முடிச்சாச்சு... பி.எச்டி.க்கு எப்படித் தயாராவது?

எம்.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு பி.எட். சேரலாமா, டிஆர்பி-க்குப் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதிகம். 'பி.எச்டி. பண்ணலாம்னு இருக்கேன்' என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, 'அதுக்கு யாரு செலவு பண்றது?' என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுக்கு மாதம் ரூ.37,000, அதன்பின் ரூ.42,000 உதவித்தொகை உண்டு. வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு 3 பிரிவாக வருகிறது: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும். பின் இரண்டு பிரிவில் வந்தவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்காணலுக்கு 30% என்று கணக்கிடுவார்கள். அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். பலர் இதைக் கவனிக்காமல், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். முதுகலையில் 55% வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50% போதும்.

மத்தியப் பல்கலைகள் பலவும் நெட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. மாநிலப் பல்கலைகளில் விதி ஒரே மாதிரி இல்லை. அறிவிக்கையை நீங்களே படிங்க, வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதீங்க.

மார்க் இருந்தும் சீட் ஏன் கிடைக்கல?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியர் ஒருவர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே நேரத்தில் நெறியாளராக இருக்க முடியும். உங்கள் துறையில் ஆய்வு செய்பவரிடம் இடம் காலி இல்லையென்றால் எவ்வளவு மார்க் இருந்தும் பயனில்லை. அதனால் முதலில் ஆளைத் தேடுங்க, பிறகு பல்கலையைத் தேடுங்க. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைகளின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நெறியாளரிடம் முன்பு யார், என்ன தலைப்பில் செய்தார்கள் என்று பார்க்கலாம். உங்கள் தலைப்பை ஏற்கெனவே 10 பேர் செய்து முடித்திருப்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்போ, தலைப்பு?

'இந்திய ஆங்கில நாவல்களில் பெண்ணியம்' என்று எழுதினால் தேர்வுக் குழு அடுத்த பக்கத்தைப் புரட்டுமா என்பதே சந்தேகம். நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதியவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத். 1996-ல் வெளிவந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்' நூலில் அது இருக்கிறது. அந்தப் பெண்கள் பேசியது தமிழ். அது ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன மாறியது? அறிவொளிக் காலத்துத் தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள் அதே நிகழ்வை எப்படிச் சொல்கின்றன? இப்படிக் கேட்டால் அது ஆய்வுக் கேள்வி. டெல்லி மாணவருக்கு அந்தத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நேர்காணலில் 'தமிழ் மீடியம்' என்று தயங்கிச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் நம்ம ஊரை வைத்து ஆய்வு செய்யாமலும் இல்லை. அமெரிக்க வரலாற்றாளர் நிக்கோலஸ் டர்க்ஸின் 'தி ஹாலோ கிரவுன்' (1987) முழுக்கப் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றியதுதான். பழைய நூல்கள் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டையிலேயே ஞானாலயா நூலகம் இருக்கிறது. அதற்கு அடுத்து சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

வெளிநாடு போகணும்னா?

அமெரிக்காவில் பெரிய பல்கலைகளின் ஆங்கில பி.எச்டி. பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வரும். கேட்பவை: நோக்க அறிக்கை, 3 பரிந்துரைக் கடிதம், 15 முதல் 25 பக்கம் வரை நீங்களே எழுதிய ஆய்வுக் கட்டுரை. பல இடங்களில் ஜிஆர்இ இப்போது கேட்பதில்லை. கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். விலக்கு கேட்டால் தரும் பல்கலைகளும் உண்டு. கேட்கக் கூச்சப்படாதீங்க.

இதில் முடிவைத் தீர்மானிப்பது அந்த ஆய்வுக் கட்டுரைதான். எம்.ஏ. புராஜெக்டை அப்படியே அனுப்பக் கூடாது. அதில் நல்ல ஓர் அத்தியாயத்தை எடுத்து, 3 மாதமாவது திருத்தி எழுதணும்.

பரிந்துரைக் கடிதத்தில் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. 'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்து போடுறேன்' என்பார்கள். 3 கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரியாதா? அதற்குப் பதில், உங்கள் கட்டுரையையும் ஒரு பக்கக் குறிப்பையும் 2 மாதம் முன்பே ஆசிரியரிடம் கொடுங்க. துறைத் தலைவரைவிட, உங்கள் எழுத்தை உண்மையில் படித்த கௌரவ விரிவுரையாளரின் கடிதம் மேல் என்பது என் கருத்து.

பட்டியலின மாணவர்களும் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்து மாணவர்களும் கவனிக்க: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ரூ.8 லட்சம். ஆனால் 2022-ல் வந்த வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் தொடர்பான தலைப்புகள் விலக்கப்பட்டன. தலித் இலக்கியம் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர் இங்கேயே முட்டிக்கொள்வார். அந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்த பிறகே தலைப்பை முடிவு செய்யுங்க.

பெண்களுக்கு: பி.எச்டி. முடிக்க உச்ச வரம்பு 6 ஆண்டு. பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் சலுகையும், மகப்பேறு விடுப்பாக 240 நாள் வரையும் உண்டு. 'கல்யாணத்துக்கு அப்புறம் எங்க முடிக்கப் போற' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம். இதே ஊர் மகாராஜா கல்லூரியில், பையன்களோடு ஒரு பெண் படிப்பதா என்ற எதிர்ப்பைத் தாண்டித்தான் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தார்.

ஜெராக்ஸ் கடை நோட்டீஸ்களில் 'ஆய்வேடு எழுதித் தரப்படும்' என்று இருக்கும். அந்தப் பக்கம் போகாதீங்க. திருட்டு கண்டறியும் மென்பொருளில் மாட்டினால் பதிவே போய்விடும். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களும் வேண்டாம். 2022 விதியில் ஆய்வேடு சமர்ப்பிக்க இதழ்க் கட்டுரை கட்டாயமே இல்லை.

சான்றிதழ் வேலையை மட்டும் இப்போதே தொடங்கிடுங்க. டிரான்ஸ்கிரிப்ட் கல்லூரித் தேர்வுப் பிரிவு தருமா, பாரதிதாசன் பல்கலை தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலை என்றால், திருச்சி பஸ்ஸில் ஏறினால் போகிற வழியிலேயே பல்கலைப்பேரூர் வரும்.