சுமந்தது சுமையானது

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க தேசத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன், தான் போக விரும்பிய இடத்துக்கு அதன்மேல் ஏறிப் போனானேயல்லாமல், அதை வேறொரு வாகனத்தில் ஏற்றிக் கட்டித் தான் அந்த வாகனத்தை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கனவிலும் நினைத்தவனல்லன். ஐம்பதுகளில்கூடத் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பலர் ட்ரயம்ஃப், பி.எஸ்.ஏ. முதலிய ஆங்கில வண்டிகளில் மொஹாவி பாலைவனத்துக்குச் சவாரியாகவே சென்று, முகப்பு விளக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓடி, மாலையில் அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டு, வண்டி உருப்படியாக இருந்தால் அதிலேயே வீடு திரும்பினார்கள்.

ஏற்றிச் செல்வதற்குரிய வாகனமோ வெகு முன்பே பிறந்துவிட்டது. ஃபோர்டு கம்பெனியார் 1925-ம் ஆண்டில் தங்கள் மாடல் டி காரின் பின்னால் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலையில், பிக்கப் என்ற பெயரோடு விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தொட்டியின் நீளம் ஐந்தடிகூட இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் பின் சக்கரம் வெளியேதான் இருக்கும். 1948-ல் வந்த எஃப் வரிசை வண்டிகளில் அது ஆறரை அடியாக வளர்ந்தது. தொட்டியின் விளிம்பிலிருந்த சதுரத் துளைகள், நம் மாட்டு வண்டியில் முளைக்குச்சி நடும் துளைகளைப் போல, பாரத்தின் உயரத்துக்கு ஏற்ப மரச்சட்டம் செருகுவதற்காக ஏற்பட்டவை. பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளைக் கட்டும் பட்டைகளின் கொக்கிகளுக்கும் அவை புகலிடம் தந்தன.

1959-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிளை திறந்த ஹோண்டா கம்பெனி, அக்காலத்தில் நான்கு சக்கர வாகனம் எதையும் உற்பத்தி செய்யவில்லையாதலால், ஜப்பானிலிருந்து வந்திறங்கிய தன் சிறு வண்டிகளைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கச் செவ்ரோலே பிக்கப்களையே நம்பியிருந்தது. பின்னாளில் செவ்ரோலேயோடு கார்ச் சந்தையில் மல்லுக்கு நின்ற அதே கம்பெனி, 2019-ல் தன் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடும்போது, 1961-ம் வருஷத்துச் செவ்ரோலே ஒன்றைத் தேடிப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. வியாபார உலகில் இவ்வளவு நன்றியுணர்ச்சி அபூர்வம்தான்.

கம்பெனியார் செய்த காரியத்தைச் சவாரிக்காரனும் செய்ய வேண்டிய நிர்ப்பந்தம், எடிசன் டை என்னும் இறக்குமதியாளர் 1966-ல் ஸ்வீடன் தேசத்து உலகச் சாம்பியனான டார்ஸ்டன் ஹால்மனை வரவழைத்து, கரடுமுரடான மண் களத்தில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்தை அமெரிக்கருக்கு அறிமுகம் செய்த பிறகு வலுத்தது. ஹால்மன் ஓட்டிய ஹஸ்க்வர்னாவைப் போன்ற இலேசான பந்தய வண்டிகளுக்கு விளக்கில்லை. சாலையில் ஓட உரிமையுமில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த வாகனம் ஓடுகளத்துக்குத் தானாகப் போக முடியாமற்போயிற்று.

இனிக் கட்டும் வித்தைக்கு வருவோம். மோட்டார் சைக்கிளைப் பெட்டியைப் போல அழுத்திக் கட்டவும் முடியாது, ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. நார்க்கயிறோ ஈரத்தில் சுருங்கிக் காய்ந்ததும் தளர்ந்துவிடும். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர், நம்மவர் டெரிலின் சட்டையாக அணிந்து பெருமைப்பட்ட அதே இழை, பட்டை நாடாவாக நெய்யப்பட்டு வந்தபோது இந்தக் குறை தீர்ந்தது. நாடா மட்டும் போதாது. 1935-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி எண்ணெய்த் தடுப்போடு கொண்டுவந்து, பின்னர் எங்கும் பரவிய, முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய் ஃபோர்க்கே இந்த வித்தையின் உயிர்நிலை. முன் சக்கரத்தைத் தொட்டியின் தலைச்சுவரில் முட்ட நிறுத்தி, ஹேண்டில் பாரின் இருபுறத்திலிருந்தும் இரு பட்டைகளை முன் மூலைகளுக்கு விரித்துக் கீழ்நோக்கி இழுத்தால், ஃபோர்க்கின் வில் அமுங்குகிறது. அமுங்கிய வில் எழும்ப முயன்றபடியே பட்டைகளை இறுக்கமாக வைத்திருக்கிறது. தன் வலிமையாலேயே தான் கட்டுண்டு நிற்கும் இந்த ஏற்பாட்டை எந்தக் காரியாலயமும் வகுத்ததாகத் தெரியவில்லை. பாலைவனத்துப் பாதையில் வண்டிகளை உருட்டிக் கற்றவர்களின் புத்தியாகத்தான் இது இருக்க வேண்டும்.

இதிலும் ஓர் அபாயம் இருந்தது. பள்ளத்தில் பிக்கப் குதிக்கும்போது வில் மேலும் அமுங்க, கணப்பொழுது தளர்ந்த பட்டையின் திறந்த கொக்கி வளையத்திலிருந்து நழுவும். மறுகணம் வண்டி சாயும். பின்னர் கொக்கிக்கு வாய்மூடும் தகடு வந்தது. பின் சக்கரத்தருகே இன்னும் இரு பட்டைகள் சேர்ந்தன. எழுபதுகளின் ஆரம்பத்தில் ஏழு அங்குல அளவிலிருந்த ஃபோர்க்கின் அசைவு அடுத்த பத்தாண்டில் பன்னிரண்டு அங்குலத்தை எட்டியதும், முழுவதும் அழுத்திக் கட்டியவர்களின் வண்டிகளில் ஆயில் சீல் கசியத் தொடங்கவே, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு இழுக்கும் வழக்கம் பரவியது. பல்சக்கரம் வைத்த ராட்செட் பட்டை அளவு தெரியாத கைக்கு அனாவசியமான பலத்தைக் கொடுத்துவிடுகிறது. கையால் இழுத்தால் பற்கள் கடித்துப் பிடிக்கும் பழைய கொளுவியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இப்போது ஃபோர்க்கைத் தொடாமல் கால்மிதிகளைப் பிடித்துத் தரையோடு இறுக்கும் இரும்புச் சட்டங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. கூலிக்கோ இரவலுக்கோ வாங்கிய பிக்கப்பின் தொட்டியில் அவற்றைப் பதிக்க யாரும் இடங்கொடுப்பதில்லையாதலால், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரன் இன்றும் நான்கு பட்டைகளையும் ஒரு மரக்கட்டையையும்தான் எடுத்துச் செல்கிறான்.